பிறந்த தேதிக்கும் ஏடிஎச்டிக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி இதுதான்: கேட்டவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எதிலும் கவனம் நிற்பதில்லை, ஆரம்பித்த வேலை முடிவதில்லை, ஏடிஎச்டியாக (கவனக் குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த குறைபாடு) இருக்குமோ என்று சந்தேகம். பள்ளியில் வகுப்பிலேயே வயதில் சின்னவராக இருந்தவர், போதாக்குறைக்குச் சில வாரங்கள் முன்கூட்டியே பிறந்தவர். பிறந்த மாதத்துக்கும் ஏடிஎச்டிக்கும் தொடர்பு இருப்பதாக எங்கோ படித்திருக்கிறார், பெரியவர்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்கிறார்.

தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் பிறந்த மாதம் அதிகமாக அசைத்துப் பார்ப்பது "இந்தப் பிள்ளைக்கு ஏடிஎச்டி" என்று யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான், அறிகுறிகளை அது தொடுவது ரொம்பக் குறைவு, பெரியவர் ஆன பிறகு அதுவும் கரைந்துபோகிறது. குறைமாதத்தில் பிறப்பது வேறு கதை, அதற்கு உடலோடு சம்பந்தம் உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் படிக்கும்போது எல்லாமே ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகிறது, அதனால் தனித்தனியாகவே பார்க்கலாம்.

முதலில் வகுப்பு விஷயம், ஏனென்றால் ஆதாரம் குவிந்து கிடப்பது இங்கேதான். பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள் இல்லையா, அதற்கு முந்தின நாள் பிறந்த குழந்தை இந்த வருடம் சேரும், மறுநாள் பிறந்தது அடுத்த வருடம்தான் சேரும். ஆக ஒரே வகுப்பில் 61 மாதக் குழந்தையும் 72 மாதக் குழந்தையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். டீச்சர் பலகையில் நாலு வரி எழுதிப்போட்டு, எழுதி முடித்தவர்கள் நோட்டைக் கொண்டுவந்து வையுங்கள் என்கிறார். பெரிய குழந்தை எழுதி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. சின்னது இரண்டாவது வரியின் நடுவில் நிற்கிறது, பென்சில் முனை உடைந்துவிட்டது, அதைச் சீவப் போன இடத்தில் இன்னொரு பிள்ளையின் பெட்டியைத் திறந்து பார்க்கிறது, நாற்காலியில் ஒரு காலை மடக்கி ஏறி ஜன்னலைப் பார்க்கிறது. இதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தை ஐந்து வயதுக் குழந்தையைப் போல இருக்கிறது, அவ்வளவுதான். டீச்சர் தனியாக எடுத்துப் பார்க்க முடியாது, அவருக்கு முன்னால் முப்பது பேர் இருக்கிறார்கள், அவர் மனதில் ஓடும் அளவுகோல் அந்த முப்பது பேரின் சராசரி. அந்த வயதில் 11 மாதம் என்பது வாழ்ந்த மொத்த வாழ்நாளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வாளர் டாட் எல்டர் 2010-இல் இதைத்தான் தோண்டினார். அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது, மழலையர் வகுப்பில் வயதில் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்று கண்டறியப்படும் வாய்ப்பு அதே வகுப்பின் மிகப் பெரிய பிள்ளைகளைவிட 60 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த 60 இல்லை, வேறொன்று. அதே குழந்தைகளைப் பற்றி டீச்சரிடமும் கேட்டார்கள், பெற்றோரிடமும் கேட்டார்கள். வகுப்பில் சின்னவர் என்பது டீச்சரின் மதிப்பீட்டைப் பெரிதாகப் புரட்டிப்போட்டது, பெற்றோரின் மதிப்பீட்டை அந்த அளவுக்கு அசைக்கவில்லை. வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க முப்பது பேர் இல்லையே.

அப்புறம் ஆய்வுகள் வரிசை கட்டி வந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த 2012 ஆய்வில், ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு 30 சதவீதமும், பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதமும் கூடுதலாக ஏடிஎச்டி கண்டறியப்பட்டிருந்தது. ஐஸ்லாந்திலும் அதே வருடம் அதே போக்கு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியதில், செப்டம்பர் 1 கடைசித் தேதி உள்ள அமெரிக்க மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்த 10,000 பிள்ளைகளில் 85 பேருக்கும், செப்டம்பரில் பிறந்த 10,000 பேரில் 64 பேருக்கும் ஏடிஎச்டி இருப்பதாகப் பதிவாகியிருந்தது. 2019-இல் வந்த ஒரு தொகுப்பு 13 நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை அலசியது, ஒன்றரைக் கோடிக்கு மேல் பிள்ளைகள். 17 ஆய்வுகளில் சின்னவர்களுக்கே அதிகம் என்று முடிவு.

இதில் ஒரு சந்தேகம் வரலாம்: ஒருவேளை டிசம்பர் மாதத்திலேயே ஏதாவது இருக்கிறதோ, குளிரோ, வெயில் குறைவோ, தாய்க்கு வந்த காய்ச்சலோ? இல்லை என்று அடித்துச் சொல்லலாம், அதற்கு ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடைசித் தேதி டிசம்பர் 31, அங்கே மாட்டிக்கொள்வது டிசம்பர் பிள்ளைகள். தைவானில் ஆகஸ்ட் 31, அங்கே ஆகஸ்ட் பிள்ளைகள். தேதி நகரும் இடத்துக்கெல்லாம் "ஏடிஎச்டி மாதமும்" கூடவே நகர்கிறது. அமெரிக்காவில் செப்டம்பர் 1 விதி இல்லாத மாநிலங்களில் ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகளுக்கு இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. அதே ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ உடல் பருமனோ அதிகமாக இல்லை. டென்மார்க்கில் இந்த விளைவு கிட்டத்தட்டக் காணாமலே போகிறது, அங்கே பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று பெற்றோருக்குத் தோன்றினால் ஒரு வருடம் தள்ளிச் சேர்ப்பது சர்வ சாதாரணம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். குளிரும் இருட்டும் டென்மார்க்கில் குறைவா என்ன?

சரி, இதெல்லாம் குழந்தைகள் கதை, கேள்வி பெரியவர்களைப் பற்றியது.

இங்கே எனக்கு மிகவும் உபயோகமாகப் படுவது 2014-இல் வந்த ஸ்வீடன் ஆய்வு. அவர்கள் இரண்டு வகைத் தரவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, நாடு முழுவதற்குமான மருத்துவப் பதிவேடு: யாருக்கு ஏடிஎச்டி என்று எழுதப்பட்டிருக்கிறது, யார் மாத்திரை வாங்குகிறார்கள். இதில் நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்கள் (அங்கே அவர்கள்தான் வகுப்பில் சின்னவர்கள்) தெளிவாக முந்தி நின்றார்கள், சிறு வயதில் பெரிய இடைவெளி, வயது ஏற ஏற அது இளைத்துக்கொண்டே போனது. இன்னொன்று, இரட்டையர் பதிவேட்டில் இருந்து பெற்றோரிடம் கேட்ட அறிகுறிகளும், பெரியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன அறிகுறிகளும். அதில் பிறந்த மாதத்தால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைப்பது கஷ்டம். வகுப்பில் சின்னவராக இருந்த காரணத்தால் முப்பது வயதில் ஒருவருக்குக் கவனம் சிதறுவதில்லை.

பெயர்ச்சீட்டு வேறு, சங்கதி வேறு என்று இங்கேயே முடித்துக்கொண்டு, "அப்படியென்றால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் பொய்க் கணக்கு" என்று போய்விடுகிறவர்கள் நிறைய, அது தப்பு. நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்தது. பல நாடுகளில், சிறு வயதில் ஏடிஎச்டி கண்டறியப்பட்டுப் பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களைத் திரட்டி ஒரே கேள்வி கேட்டார்கள்: வகுப்பில் சின்னவர்களாக இருந்தவர்களுக்கு, வளர வளர அது "சரியாகிவிடுகிறதா"? வெறும் முதிர்ச்சிக் குறைவைத்தான் ஏடிஎச்டி என்று எழுதிவிட்டார்கள் என்றால், ஒரு நாலைந்து வருடத்தில் அது மறைந்திருக்க வேண்டும். அப்படி மறையவில்லை. வகுப்பில் பெரியவர்களாக இருந்து கண்டறியப்பட்டவர்களுக்கு எந்த அளவு தொடர்ந்ததோ, ஏறக்குறைய அதே அளவு இவர்களுக்கும் தொடர்ந்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? என் கணிப்பு: வகுப்பில் சின்னவர் என்பது சல்லடையின் கண்ணைச் சிறிதாக்குகிறது, கொஞ்சமாக இருப்பவர்களும் அகப்பட்டுக்கொள்கிறார்கள், அவர்களில் பலருக்கு உள்ளே நிஜமாகவே ஏதோ இருக்கிறது. இதன் மறுபக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். வகுப்பில் மூத்த பிள்ளை, அதுவும் ஓடியாடாமல் உட்கார்ந்த இடத்திலேயே கனவு காண்கிற பெண் பிள்ளை, 11 மாத முன்னிலையை வைத்தே பல வருடம் சமாளித்துவிடும். டீச்சர் கண்ணில் பட்டிருக்காது. பெரியவர்களான பிறகு முதல் முறையாக மருத்துவரிடம் வருகிறவர்களில் இப்படித் தப்பியவர்கள் நிச்சயம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா குழு 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) அதிகபட்சத் தடிமனை எட்டும் வயதை அளந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இடைநிலை வயது ஏழரை, ஏடிஎச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை. மூன்று வருட வித்தியாசம். கடைசித் தேதியால் வரும் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு வருடம். ஆகவே "வகுப்பில் சின்னவன், அதான் அப்படி இருக்கிறான்" என்பது லேசான அறிகுறிகளை விளக்கும், கனமானவற்றை விளக்காது. அந்த ஒரு வருடமும் ஆறு வயதில்தான் பெரிது, முப்பது வயதில் அது வாழ்நாளில் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

பருவகாலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனச்சிதைவு நோயில் குளிர்காலத்தில் பிறந்தவர்கள் 5 முதல் 8 சதவீதம் கூடுதல் என்பது நீண்ட காலமாகப் பதிவான விஷயம், அதைப் பார்த்து ஏடிஎச்டியிலும் தேடினார்கள். கிடைத்த முடிவுகள் ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் பள்ளிக் கடைசித் தேதியைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு அதில் என்ன ஓட்டை என்று உடனே தெரியும். பிறந்தபோது பகல் எவ்வளவு நீளம் என்பது உடலின் கடிகாரத்தைத் தீர்மானிக்கிறது, அந்தக் கடிகாரம் கவனத்தைப் பாதிக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. அதன் இரண்டாவது பாதியில் விஷயம் இருக்கிறது: ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் இரவு தூக்கம் பிடிக்காமல் தவிப்பவர்கள் ரொம்ப அதிகம், அவர்களுக்கு மாலையில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்குவதே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தாமதமாகிறது. ஆனால் அதற்காகப் பிறந்த மாதத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, இன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று பார்த்தால் போதும்.

இனிக் குறைமாதம். இங்கே கணக்கு மாதத்தில் இல்லை, வாரத்தில். 37 வாரம் முடியும் முன்னே பிறந்தால் குறைமாதம் என்பார்கள், ஆனால் 36 வாரமும் 26 வாரமும் ஒன்றில்லை, இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டையும் அடக்குவதால் பயப்படத் தேவையில்லாதவர்கள் பயப்படுகிறார்கள். ஸ்வீடனில் 2011-இல் வந்த ஆய்வில், ஏடிஎச்டி மருந்து எடுக்கும் வாய்ப்பு நிறைமாதப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் 35, 36 வாரத்தில் பிறந்தவர்களுக்கு 1.3 மடங்கு, 29 முதல் 32 வாரம் என்றால் 1.6 மடங்கு, 28 வாரமோ அதற்கும் குறைவோ என்றால் 2 மடங்கைத் தாண்டியது. படிப்படியாக ஏறுகிறது, திடீரென்று குதிக்கவில்லை. கடைசித் தேதி விளைவில் நடுவே ஒரே ஒரு நாளில் செங்குத்தாக விழுந்ததே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இது உடல் சம்பந்தப்பட்டது என்று காட்டிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளைப் புறணி மடிப்பு மடிப்பாக உருவாகிறது, பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வேகமாக வளர்கின்றன, அந்த வேலை கருப்பைக்கு வெளியே, மூச்சுக்கே போராடிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

குடும்பச் சூழலோ மரபணுவோதான் இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாமே என்று கேட்டால் நியாயமான கேள்வி, ஏனென்றால் ஏடிஎச்டியில் மரபின் பங்கு ரொம்பப் பெரிது, இரட்டையர் ஆய்வுகள் 70 சதவீதத்துக்கு மேல் சொல்கின்றன. அதற்காகத்தான் ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளேயே ஒப்பிடுகிறார்கள், ஒருவர் குறைமாதம், ஒருவர் நிறைமாதம். ஸ்வீடனில் 33 லட்சம் பேரை வைத்து 2013-இல் செய்த அப்படிப்பட்ட ஒப்பீட்டிலும் மிகக் குறைமாதத்துக்கும் ஏடிஎச்டிக்கும் உள்ள தொடர்பு நின்றது. கர்ப்பகாலப் புகைப்பழக்கத்துக்கு இதே சோதனையை வைத்தபோது தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது, அதனால் இது சும்மா தேறிவிடுகிற சோதனை இல்லை.

பெரியவர்களில்? நார்வேயில் ஏடிஎச்டிக்கு மருந்து பெற அனுமதி பெற்ற 2,323 பெரியவர்களை அதே காலத்தில் பிறந்த மற்ற 11 லட்சத்துச் சொச்சம் பேரோடு ஒப்பிட்டார்கள், 2012-இல் வெளிவந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு 1.3 மடங்கு, 28 வாரத்துக்கும் முன்பே பிறந்தவர்களுக்கு 5 மடங்கு. பின்லாந்தில் 1987 முதல் 1998 வரை பிறந்த எல்லோரையும் பதிவேட்டில் தொடர்ந்து பார்த்தபோது, 18 வயதுக்குப் பிறகு ஏடிஎச்டி கண்டறியப்படும் வாய்ப்பு குறைமாதத்தவர்களுக்கு 26 சதவீதம் அதிகம். அதே ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதுதான் சுவாரசியம்: குறைமாதத்தில் பிறந்த 1,385 பெரியவர்களிடமும் நிறைமாதத்தவர்கள் 1,633 பேரிடமும் அறிகுறிகளைக் கேட்டுக் கணக்கிட்டபோது, சராசரி வித்தியாசம் சுத்தமாகப் பூஜ்யம்.

ஒரே கட்டுரை, இரண்டு பதில். என் பார்வையில் இரண்டும் சரியாக இருக்க முடியும். சராசரி நகராமலே ஓரத்தில் இருக்கும் சிலர் மட்டும் ரொம்பத் தள்ளிப்போகலாம், மருத்துவரிடம் போவது அந்தச் சிலர்தான். பிறந்ததிலிருந்தே மருத்துவமனையோடு தொடர்பில் இருப்பவர்களின் சிரமம் எளிதில் கண்ணில் படும். இருபது, முப்பது வருடம் கழித்தும் ஆய்வுக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறவர்கள் என்பதும் உண்டு. அதோடு, குறைமாதப் பிள்ளைகளிடம் துறுதுறுப்பைவிடக் கவனம் நழுவுவதும், பதற்றமும், ஆட்களோடு பழகுவதில் தயக்கமும்தான் அதிகம் தெரியும். "நான் அமைதியானவன்" என்று தன்னைப் பற்றி நினைப்பவர் வினாப்பட்டியலில் தனக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டுக்கொள்வார்.

எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் கணக்கையும் போட்டுவிடலாம். பெரியவர்களில் ஏடிஎச்டி 100-க்கு ஏறக்குறைய 2.5 பேர் என்று வைத்துக்கொண்டால், 26 சதவீதக் கூடுதல் அதை 3-ஐச் சற்றுத் தாண்ட வைக்கும். மீதி 96, 97 பேருக்கு இல்லை. சில வாரங்கள் முன்னே பிறந்தது உங்கள் விஷயத்தில் தராசை லேசாகத் தொடும், அவ்வளவுதான்.

ஆகவே பிறந்த தேதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மருத்துவர் உண்மையில் எதைப் பார்ப்பார் என்று சொல்கிறேன். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறியும் கையேடு) விதிப்படி பெரியவர்களுக்குக் கவனக் குறைவு, மிகையியக்கம் என்ற இரண்டு பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது ஒன்பதில் ஐந்து அறிகுறிகள் வேண்டும் (குழந்தைகளுக்கு ஆறு), அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், வாழ்க்கையை உண்மையிலேயே கெடுத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வினாப்பட்டியலில் முதல் கேள்வியே, ஒரு வேலையின் கடினமான பகுதியெல்லாம் முடிந்த பிறகு கடைசிச் சில்லறை விவரங்களை முடித்துக் கொடுக்கத் திணறுகிறீர்களா என்பதுதான். ஏடிஎச்டி உள்ளவர்கள் பலர் இதைப் படித்ததும் சிரித்துவிடுவார்கள். ஆனால் தூக்கம் கெட்டவரும், மனச்சோர்வில் இருப்பவரும், தைராய்டு குளறுபடி உள்ளவரும்கூட அதற்கு "அடிக்கடி" என்று டிக் அடிப்பார்கள், அதனால் அவற்றையும் பார்க்காமல் எழுதிக் கொடுக்கிற மருத்துவரை நம்ப வேண்டாம்.

12 வயது விதி இருக்கிறதே, வகுப்பில் சின்னவராக இருந்தவர்களுக்கு அங்கேதான் சிக்கல், பிறந்த மாதம் உங்கள் வழக்கில் நிஜமாகவே உள்ளே நுழைவது இந்த ஒரு இடத்தில்தான். பழைய ரிப்போர்ட் கார்டு எடுத்துப் போகச் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் "கவனம் போதாது, இடத்தில் உட்காருவதில்லை" என்று எழுதியிருந்தால் அதை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் உங்களை உங்களைவிட 11 மாதம் மூத்தவர்களோடு ஒப்பிட்டு எழுதியது அது. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், அதற்குள் அந்த வித்தியாசம் பெருமளவு அடங்கியிருக்கும், அப்போதும் அதே புகார் தொடர்ந்தால் அதற்கு எடை அதிகம். முடிந்தால் அம்மாவிடமோ அப்பாவிடமோ வீட்டில் எப்படி இருந்தீர்கள் என்று கேளுங்கள், "ஏடிஎச்டி இருந்ததா" என்று கேட்காமல், காலையில் பள்ளிக்குக் கிளம்ப எவ்வளவு நேரமாகும், என்னென்ன தொலைத்துவிட்டு வருவேன் என்று கேளுங்கள்.

போகும்போது, எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள், எடை எவ்வளவு, கண்ணாடிப் பெட்டியில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதையும் வீட்டில் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் அதைக் கேட்பார். பிறந்த மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது எப்படியும் ஃபைலின் மேலேயே இருக்கும்.